இந்தப் புத்தகம் யாருக்கு?

ஜனவரியில் தில்லியில் பனிமூட்டம் இறங்கி, ரஜாய்ப் போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுக்கவே மனம் வராத நாட்களில்தான் சென்னையில் புத்தகக் காட்சி நடக்கும். அந்த இரண்டு வாரமும் என் கைபேசியில் அட்டைப்படங்களாக வந்து குவியும். 1977இல் தொடங்கிய அந்தக் காட்சியைச் சுற்றித்தான் தமிழ்ப் பதிப்பகங்களின் ஆண்டே ஓடுகிறது. நாவல், கவிதை, வரலாறு, மொழிபெயர்ப்பு, குழந்தைகள் புத்தகம் எல்லாம் டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மொத்தமாக வெளிவரும். அங்கே இருப்பவர் கடை கடையாக ஏறி இறங்கி, நாலு பக்கம் நின்றபடியே படித்துப் பார்த்து, பிடித்தால் வாங்கலாம். 2,000 கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் தில்லி மயூர் விஹாரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அட்டை தெரியும், உள்ளே என்ன என்று தெரியாது. எனக்காகப் புரட்டிப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். மதிப்புரை என்று நாம் சொல்வது அடிப்படையில் அந்த உதவிதான்.

புத்தகம் வந்து சேர்வது இப்போது பெரிய பாடில்லை. முன்பெல்லாம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் யாராவது ஊரிலிருந்து வந்தால் முறுக்கு டப்பாவுக்கு அடியில் இரண்டு புத்தகம் வரும். அப்புறம் தபால். அஞ்சல் துறை 2024 டிசம்பரில் பதிவுப் புத்தக அஞ்சலை நிறுத்தியபோது எங்களைப் போன்ற வெளியூர் வாசகர்கள் கலங்கித்தான் போனோம். புத்தகத்தைவிடத் தபால் செலவு கூடிவிடுமோ என்ற பயம். 2025 மே மாதம் ‘ஞான் போஸ்ட்’ என்று புதிய சேவை வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. மின்நூல் வேண்டுமானால் 2016 டிசம்பரிலிருந்தே கிண்டிலில் தமிழ் கிடைக்கிறது. பிரகதி மைதானத்தில் உலகப் புத்தகக் கண்காட்சியும் இருக்கிறது. 1972இல் தொடங்கியது, 2013 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. ஆனால் அங்கே தமிழ்க் கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இன்னொரு வழியும் உண்டு, அது பலருக்குத் தெரியாது. 1954இல் வந்த நூல்கள் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் எந்த மொழியில் புத்தகம் வெளியானாலும் 30 நாட்களுக்குள் ஒரு படியைக் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், மேலும் மூன்று நூலகங்களுக்கு ஒவ்வொரு படியும் பதிப்பாளர் தன் செலவில் அனுப்ப வேண்டும். சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், அப்புறம் தில்லி பொது நூலகம். பழைய தில்லி ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறதே, அதுதான். சட்டத்தின்படி பார்த்தால் சிவகாசியில் அச்சாகும் புத்தகமும் ஒரு மாதத்தில் அங்கே வந்திருக்க வேண்டும். எல்லாரும் அனுப்புவதில்லை என்பது பதிப்புலகம் அறிந்த விஷயம். அனுப்பினால் எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய கதவு திறக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். மண்டி ஹவுஸில் ரவீந்திர பவனுக்குள் இருக்கும் சாகித்திய அகாதெமி நூலகத்திலும் தமிழ் உண்டு. அகாதெமி 2010 முதல் குழந்தை இலக்கியத்துக்கும், 2011 முதல் 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் தனி விருது தருகிறது. அந்தப் பட்டியல்களைப் பார்த்து நான் தேடிப் பிடித்த புதிய பெயர்கள் பல.

ஆக, புத்தகம் கிடைக்கும். எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் சிக்கல். எங்கள் வீட்டில் மாதம் ஒரு ஞாயிறு மாலை ஏழெட்டுப் பேர் கூடுவோம். ஆளுக்கொரு புதிய புத்தகத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. ஆறு வருடமாக நடக்கிறது. இந்த ஆறு வருடத்தில் நான் உறுதியாகத் தெரிந்துகொண்டது, தமிழில் பாராட்டுக்குப் பஞ்சமே இல்லை, தகவலுக்குத்தான் பஞ்சம். ஒரு நாவலைப் பற்றி இணையத்தில் பத்துப் பேர் எழுதியிருப்பார்கள். பத்தும் படித்த பிறகும் அது எந்தக் காலத்துக் கதை, எத்தனை பக்கம், பேச்சுமொழியா எழுத்துமொழியா, என் மாமியாருக்குப் பிடிக்குமா என்பது தெரியாது. ‘நம் மனசாட்சியை உலுக்குகிறது’ என்பது மட்டும் தெரியும்.

இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு என்று நினைக்கிறேன். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் என்ற இலக்கண நூல், நூலின் முன்னுரையான பாயிரத்துக்கு வேறு ஏழு பெயர்களைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று அணிந்துரை, இன்னொன்று புனைந்துரை. மாடத்துக்குச் சித்திரம் போல, மாநகருக்குக் கோபுரம் போல நூலுக்கு அணிந்துரை அழகு சேர்க்க வேண்டும் என்கிறது. தன்னைத் தானே புகழ்வது தகுதியில்லை என்பதால், அந்த நூலைப் பற்றிச் சொல்லும் சிறப்புப் பாயிரத்தை மற்றவர்தான் எழுத வேண்டும். யார் அந்த மற்றவர்? தன் ஆசிரியர், தன்னோடு படித்தவர், தன் மாணவர், தகுந்த உரையாசிரியர். நால்வரும் உள்ளாட்கள். இன்றைக்குப் புத்தகத்தின் முதல் பத்துப் பக்கத்தில் வரும் அணிந்துரையும் வாழ்த்துரையும் இந்த வழியில் வந்தவைதான். அதில் தப்பே இல்லை, அழகு சேர்ப்பது அதன் வேலை. ஆனால் வெளியீட்டு விழாவில் வாசித்த அணிந்துரை அடுத்த மாதம் ஏதாவது ஓர் இதழில் மதிப்புரை என்ற பெயரில் வரும்போதுதான் வாசகர் ஏமாறுகிறார். மதிப்புரை எழுதுபவர் வெளியாளாக இருக்க வேண்டும். எழுத்தாளரோடு காபி குடிக்கும் பழக்கம் இருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

அதே நன்னூலில் மதிப்புரைக்கு வேண்டிய கருவியும் இருக்கிறது. சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டுமாம்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். காலம், களன், காரணம் என்று மூன்றைச் சேர்த்துப் பதினொன்றாகச் சொல்பவர்களும் உண்டு என்கிறது. இதைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கி மறந்துவிட்டோம். நான் மதிப்புரை எழுத உட்காரும்போது இந்தப் பதினொன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்கிறேன். யார் எழுதியது, எந்த மரபிலிருந்து வருகிறது, எதுவரை பேசுகிறது, பெயர் என்ன, வடிவம் என்ன, பொருள் என்ன, யார் படிக்கலாம், படித்தால் என்ன கிடைக்கும், எப்போது, எங்கே, ஏன் எழுதப்பட்டது. இவற்றில் நம் மதிப்புரைகளில் ஏறக்குறைய எப்போதும் விட்டுப்போவது ‘கேட்போர்’. இந்தப் புத்தகம் யாருக்கு? அந்த ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால் போதும், பாதி வேலை முடிந்தது.

குறை சொல்லவும் அங்கேயே சொற்கள் இருக்கின்றன. நூலுக்கு வரக்கூடாத பத்துக் குற்றங்களில் ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்று ஒன்று. முதல் நூறு பக்கம் பாய்ந்து ஓடி, கடைசியில் மூச்சு வாங்கி நின்றுவிடும் நாவல்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைத்ததில்லை. வார இதழ்ப் பத்திகளைத் தொகுத்துப் போடும் புத்தகங்களுக்குக் ‘கூறியது கூறல்’. வாழ்க்கை வரலாறுகளுக்கு ‘மிகைபடக் கூறல்’. சோழர் காலத்துப் பாசனம் என்று தலைப்பிட்டு நாற்பது பக்கம் குமரிக்கண்டம் பேசினால் ‘மற்றொன்று விரித்தல்’. குறையைச் சொன்னால் பகை என்று நினைக்கும் பழக்கம் பிற்காலத்தில் வந்தது. அந்தக் காலத்தில் நூலை அவையில் அரங்கேற்றி, தடை எழுப்பி, விடை சொல்லித்தான் ஏற்றுக்கொண்டார்கள்.

தில்லிக்கு இதில் ஒரு தனி இடம் உண்டு. விமர்சகர்கள் க.நா.சுப்ரமண்யம், வெங்கட் சாமிநாதன் இருவரும் நீண்ட காலம் இந்த ஊரில் இருந்தவர்கள். கணையாழி இலக்கிய இதழ் 1965இல் தொடங்கியதே இங்கேதான். க.நா.சு. சிறந்த நூல்களைப் பட்டியல் போட்டே தீர்ப்பவர், அதற்காக அவரை நிறையப் பேர் திட்டினார்கள். ஏன் நல்லது என்று சொல்லாமல் பெயரை மட்டும் அடுக்குகிறார் என்பது புகார். புகாரில் நியாயம் உண்டு. ஆனால் புத்தகக் கடையே இல்லாத ஊரில் இருப்பவனுக்குப் பட்டியல் என்பது கையில் ஒரு வரைபடம் மாதிரி. 1986இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்ததும் விமர்சன நூலுக்குத்தான். சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய எழுத்து இதழில் எழுத வந்த வெங்கட் சாமிநாதன் வேறு மாதிரி. எவரையும் விட்டுவைக்கவில்லை. சென்னையிலோ மதுரையிலோ இருந்திருந்தால் இத்தனை தயவு தாட்சண்யம் இல்லாமல் எழுதியிருக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம். மாலையில் டீக்கடையில் அதே எழுத்தாளரைப் பார்க்க வேண்டியிருக்காது என்பது பெரிய சுதந்திரம். தூரம் எங்களுக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் வசதியைத் தரவில்லை. புரட்டிப் பார்த்த பிறகு உள்ளதை உள்ளபடி சொல்லும் வசதியைத் தந்திருக்கிறது.

அந்தந்த வகைப் புத்தகத்தை அந்தந்த வகையின் அளவுகோலால்தான் அளக்க வேண்டும். இதைச் சொல்வது எளிது, செய்வதில்தான் தடுமாறுகிறோம்.

மாத நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் நிலையக் கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் துப்பறியும் கதை. இலக்கிய இதழ்கள் அதைத் தொடுவதே இல்லை. ஆனால் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் வாசிக்கத் தொடங்கியது அதில்தான். அதைப் படித்துவிட்டு ‘வாழ்க்கைத் தரிசனம் இல்லை’ என்று எழுதுவது இட்லியில் பாகு இல்லை என்பது போல. குற்றவாளி யார் என்று தெரிந்த பிறகு பின்னால் திரும்பிப் போனால் தடயங்கள் எல்லாம் நம் கண்முன்னால் கிடந்தனவா, அல்லது கடைசி அத்தியாயத்தில் திடீரென்று ஒரு இரட்டைச் சகோதரனைக் கொண்டுவந்தாரா என்று கேட்பதுதான் முறை. அதைச் சொல்லும்போது முடிச்சை அவிழ்த்துவிடவும் கூடாது.

வரலாற்று நூலைக் கடைசிப் பக்கத்திலிருந்து பிரிப்பேன். அடிக்குறிப்பு, நூற்பட்டியல், சொல்லடைவு இருக்கிறதா? இருந்தால் ஏதாவது ஒரு கூற்றையாவது அது சொல்லும் மூலத்தோடு ஒத்துப் பார்ப்பேன். ஜன்பத்தில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கும் ஊரில் இருந்துகொண்டு அதைச் செய்யாமல் இருப்பது சோம்பல். கவிதைத் தொகுப்பு என்றால் ஒரு கவிதையை முழுதாக எடுத்துப் போட்டுவிட வேண்டும். ‘செறிவான’, ‘நுண்ணிய’ என்று அறுநூறு சொல் எழுதுவதைவிட அந்தப் பன்னிரண்டு வரி வாசகருக்கு அதிகம் சொல்லும். சமையல் புத்தகமா? இரண்டு பதார்த்தமாவது செய்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

மொழிபெயர்ப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் தில்லித் தமிழர்களால் செய்ய முடிவதை வேறு பலரால் செய்ய முடியாது. பால்காரரிடமும் ஆட்டோக்காரரிடமும் ஹிந்தி பேசியே எங்கள் நாள் ஓடுகிறது. ஹிந்தியிலிருந்து தமிழுக்கு வரும் நாவலை மூலத்தோடு பக்கத்தில் வைத்துப் படிக்க எங்களால் முடியும். இரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் கூட்டத்தில் அப்படி ஒரு நாவலைப் படித்தோம். கதையில் அப்பா இறந்துபோகிறார், வீட்டைப் பிரிப்பதில் தகராறு. ஒரு ‘மாமா’ வந்து பாதி வீடு எனக்கு என்று நிற்கிறார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: “மாமாவுக்கு எப்படிங்க இந்த வீட்ல பங்கு வரும்?” நல்ல கேள்வி. யாருக்கும் பதில் தெரியவில்லை. அடுத்த வாரம் நான் ஹிந்தி மூலத்தை வாங்கிப் பார்த்தேன். அங்கே அவர் ‘சாச்சா’. அப்பாவின் தம்பி, நம் சித்தப்பா. அவருக்குப் பங்கு உண்டு, கதை சரியாகத்தான் இருக்கிறது. நடந்தது என்னவென்றால், நாவல் ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்திருக்கிறது. ஹிந்தியில் சாச்சா, தாவூ, மாமா, பூஃபா, மௌசா என்று தனித்தனியாக இருக்கும் உறவெல்லாம் ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்ற ஒரே சொல்லுக்குள் போய்விட்டன. தமிழில் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமா, அத்தை புருஷன் என்று ஒவ்வொன்றுக்கும் சொல் இருக்கிறது. ஆனால் எது எது என்று மொழிபெயர்ப்பாளர் ஊகிக்க வேண்டியதாகிவிட்டது. ஓர் உறவுச்சொல் தவறினால் ஒரு சொத்து வழக்கே புரியாமல் போகிறது.

இதனால்தான் மொழிபெயர்ப்பு நூலைப் பற்றி எழுதும்போது நேரடியாக வந்ததா, ஆங்கிலம் வழியாக வந்ததா என்பதை முதலில் சொல்ல வேண்டும் என்கிறேன். பதிப்புரிமைப் பக்கத்தில் பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால் இல்லை என்பதையும் எழுத வேண்டும். ஆங்கிலம் வழியாக வந்தது என்பதாலேயே மோசம் என்று ஆகிவிடாது. ரஷ்ய இலக்கியத்தில் பெரும்பகுதியை நாம் அப்படித்தான் படித்தோம், படித்து வளர்ந்தோம். வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. மொழிபெயர்ப்பாளர் பெயரை மதிப்புரையின் தலைப்பிலேயே போட வேண்டும்.

அச்சைப் பற்றியும் யாரும் எழுதுவதில்லை. போன வருடம் இணையத்தில் வாங்கிய ஒரு நாவலில் 97ஆம் பக்கம் முதல் 112 வரை இரண்டு தடவை வந்தது, அடுத்த பதினாறு பக்கத்தைக் காணோம். ஒரு ஃபாரம் மாறிக் கட்டப்பட்டிருக்கிறது. ஒரு ஃபாரம் என்றால் பதினாறு பக்கம், அதனால்தான் சரியாகப் பதினாறு. கதாநாயகி ரயில் ஏறியவள் மறு பக்கத்தில் கைக்குழந்தையோடு நிற்கிறாள். விற்றவர்கள் மாற்றித் தர ஏழு வாரம் எடுத்துக்கொண்டார்கள். முன்பு ஒரு பதிப்பு என்றால் 1,000 அல்லது 1,200 படிகள் அடிப்பார்கள். இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் 50, 100 என்று போகிறது. இதனால் ஒரு நன்மை உண்டு. புத்தகம் தீர்ந்துபோய்விடுவதில்லை, கேட்டால் மறுபடி அடித்துத் தருகிறார்கள். அதனால் மதிப்புரைக்கும் அவசரம் வேண்டாம். ஜனவரியில் வந்த புத்தகத்தை ஜனவரியிலேயே தீர்ப்பிட்டாக வேண்டும் என்று ஓடுகிறோம். அடுத்த தீபாவளிக்கு எழுதினாலும் வாங்குபவருக்குப் புத்தகம் இருக்கும். எழுதுபவரும் இரண்டாவது தடவை படித்திருப்பார்.

நட்சத்திரம் போடுவதைப் பற்றி இரண்டே வரி. ஆயிரக்கணக்கானவர் மதிப்பிடும் ஆங்கிலப் புத்தகத்துக்குச் சராசரி ஏதோ சொல்லும். நாலு பேர் மட்டும் மதிப்பிட்ட தமிழ்ப் புத்தகத்தில் அந்த நாலு பேரும் எழுத்தாளரின் அலுவலக நண்பர்களாக இருக்கலாம்.

எல்லாவற்றிலும் கஷ்டம் குழந்தைகள் புத்தகம். அதன் ‘கேட்போர்’ மதிப்புரை எழுதுவதில்லை. பெரியவர்கள் படித்துவிட்டு ‘அருமையான நீதி’ என்று எழுதிவிடுகிறோம். நான் அதை நிறுத்திவிட்டேன். எதிர் வீட்டில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள், தில்லியிலேயே பிறந்தவள், இங்குள்ள தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. புதிதாக வரும் படக்கதைகளை அவளோடு சேர்ந்துதான் படிக்கிறேன்.

சமீபத்தில் ஒரு நண்டுக் கதை வந்தது. படங்கள் கொள்ளை அழகு. மூன்றாவது பக்கத்தில் நின்றுவிட்டாள்.

“ஆன்ட்டி, வரப்புன்னா என்ன?”

நான் வாயைத் திறப்பதற்குள் படத்தைப் பார்த்து அவளே சொன்னாள்: “ரோட்டு நடுவுல இருக்குமே டிவைடர், அதுவா?”

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது பெரிய தப்பில்லை. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் உயர்ந்த ஒரு கோடு. இந்த வயல் ஒருத்தருடையது, அந்த வயல் இன்னொருத்தருடையது, நடுவில் நடந்து போக மண்ணால் கட்டுவது வரப்பு என்று போர்வையை மடித்துக் காட்டினேன். தலையாட்டினாள். ஆறாவது பக்கத்தில் மறுபடி நின்றாள். இந்தத் தடவை சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் இல்லை. ‘ஏறிக்கொண்டிருந்துவிட்டு’ என்று ஒரே மூச்சில் ஒரு சொல். விரலை அதன்மேல் வைத்து ‘ஏறி’, ‘கொண்டு’ வரை வந்து, மீதியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிட்டாள். தஞ்சாவூரில் இருக்கும் குழந்தைக்கு வரப்பு தெரிந்திருக்கும். இந்தச் சொல் அவளையும் நிறுத்தியிருக்கும்.

அந்தப் புத்தகத்துக்கு நான் எழுதிய மதிப்புரையில் நண்டின் பெருந்தன்மையைப் பற்றி ஒரு வரிதான். மீதியெல்லாம் இதைத்தான் எழுதினேன்: எழுத்து பெரிதாக, படிக்க வசதியாக இருக்கிறது. 24 பக்கம், ஒரே அமர்வில் முடியும். ஊருக்கு வெளியே வளரும் குழந்தைகளுக்காக ஐந்தாறு சொற்களுக்குப் படத்துக்குக் கீழே பொருள் கொடுக்கலாம். நீண்ட வினைச்சொற்களைப் பிரித்து எழுதலாம். ஐந்து வயதுக்கு மேல் என்று பின்னட்டையில் போட்டிருக்கிறது. தானாகப் படிக்க ஏழு வயதாவது வேண்டும், ஐந்து வயதுக்குப் பெரியவர் படித்துக் காட்ட வேண்டும்.

மறுநாள் அவள் வந்து அதே புத்தகத்தைக் கேட்டாள். கீழே பூங்காவில் தம்பிக்குப் படித்துக் காட்டப் போகிறாளாம். ஆறாவது பக்கத்தில் அந்த நீளச் சொல்லை மூன்றாகப் பிரித்துப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, எட்டாவது பக்கத்திலும் ஒன்று இருக்கிறது, அதற்கும் போடுங்கள் என்று பென்சிலை என் கையில் கொடுத்தாள்.